தோட்டத்துத் திருவிழாவில் ஒரு கொக்கிப் பந்தல்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் திருவிழாக் கூட்டம் இன்று பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வருகிறது. நீலாய், லாபு, செண்டாயான் பக்கம் பால்மரமும் செம்பனையும் நின்ற நிலம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. ரந்தாவ், பகாவ், கிம்மாஸ் பக்கம் தோட்டம் இருந்தாலும் லயத்தில் ஆள் குறைவு. ஆனாலும் கொடியேறிவிட்டால் சிரம்பானிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கார்கள் வந்து நின்றுவிடும். சாமி கும்பிட்டாயிற்று, அன்னதானமும் ஆயிற்று. தீமிதிக்குக் குழி தணலாக இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் இருக்கிறது. பெரியவர்கள் பழைய கதை பேசுவார்கள். பிள்ளைகள் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். அந்த இடைவேளையை நார், நூல், துணி வேலையால் நிரப்புவது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம். பார்வையாளராகப் போகிறவருக்கும் பந்தல் போட நினைக்கும் ஆலய நிர்வாகத்துக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஏற்கெனவே நடக்கும் வேலை

புதிதாக எதையும் கொண்டுவரும் முன், கோயிலைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். நார் வேலை அங்கே முதல் நாளே தொடங்கியிருக்கும். மண்டபத்து ஓரத்தில் பூக்கட்டுகிறவர்கள் வாழைநாரைத் தண்ணீரில் ஊறப்போட்டிருப்பார்கள். மட்டையைக் காயவைத்துக் கிழித்த நார் உலர்ந்திருக்கும்போது முறியும். ஊறியதும் பூவின் காம்பை நசுக்காமல் இறுக்கிப் பிடிக்கும். நைலான் நூல் மலிவுதான், அவசரத்துக்கு உதவும். ஆனால் மாலையைக் கழற்றிய பிறகு குப்பையில் எஞ்சுவது அதுதான்.

பந்தல்காலருகே தென்னங்குருத்து கிழிப்பவரைத் தேடுங்கள். வெளிர் மஞ்சள் குருத்தோலையில் கிளி, மீன், பூப்பந்து என்று மடித்துத் தோரணம் கட்டுபவர்கள் இப்போது தோட்டத்துக்கு ஒருவர் இருந்தால் பெரிது. குருத்து வாடிவிட்டால் மடிப்பில் வெடிக்கும். அதனால் ஈரத்துணி சுற்றி நிழலில் வைத்திருப்பார். அதே ஓலையில் மலாய்க்கார அண்டைவீட்டார் நோன்புப் பெருநாளுக்குக் கெத்துப்பாட் கூடு பின்னுவார்கள். இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்தால் பேச்சுத் துணையே தேவையில்லை. ஒருவர் மடிப்பை மற்றவர் விரல் உடனே படித்துவிடும். முடிந்தால் கம்பத்திலிருந்து மெங்குவாங் பாய் பின்னத் தெரிந்த ஒருவரையும் அழையுங்கள். தாழை இனத்து நீண்ட இலையில் முள்ளை நீக்கி, ஒரே அகலத்தில் கீறி, ஊறவைத்து, வெயிலில் காயவைத்துச் சாயமேற்றிய கீற்றுகள் அவை. பாயில் விழும் கட்டங்களுக்குக் கெலாராய் என்று பெயர்.

ஈர்க்குச்சி விளக்குமாறு கட்டுவதைக் கைவினை என்று யாரும் சொல்வதில்லை. தோட்டத்தில் வெட்டிப்போட்ட செம்பனை மட்டையிலிருந்தும் தென்னோலையிலிருந்தும் ஓலையைச் சீவி ஈர்க்கு எடுத்து, அடியை ஒரு சுற்றில் இறுக்கிக் கட்டும் கை வேகத்தைப் பார்த்தவருக்குத்தான் அதன் அருமை தெரியும். கட்டு தளர்ந்தால் விளக்குமாறு ஒரு வாரத்தில் உதிர்ந்துவிடும். பந்தலில் இதற்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள்.

இந்த வேலையெல்லாம் தோட்டத்துப் பிள்ளைகள் பிறந்தது முதல் பார்த்தது. அதனாலேயே நின்று பார்ப்பதில்லை. கூட்டத்தை நிற்கவைக்கப் புதிதாக ஒன்று வேண்டும். என் தேர்வு, சாக்குத் துணியில் கொக்கி போட்டுக் கால்மிதி செய்வது. ரக் ஹூக்கிங் என்று மேல்நாட்டுச் சந்தைகளில் நடப்பது இதுதான்.

இந்த வேலை எங்கிருந்து வந்தது

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலும் கனடாவின் கிழக்குக் கரையிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இது பரவியது. காரணம் சணல் சாக்கு. வங்காளத்துச் சணல் ஸ்காட்லாந்தின் டண்டீ ஆலைகளுக்கும், பிறகு கல்கத்தா ஆலைகளுக்கும் போய்ச் சாக்காகி, தானியத்தையும் தீவனத்தையும் சுமந்துகொண்டு உலகமெங்கும் இறங்கியது. காலிச் சாக்கைப் பிரித்து விரித்தால் இடைவெளியுள்ள, உறுதியான நெசவு கிடைக்கும். அந்த இடைவெளி வழியாகக் கிழிந்த சட்டையின் கீற்றை வளையமாக மேலே இழுக்கலாம் என்று வீட்டுப் பெண்கள் கண்டுகொண்டார்கள். மெய்ன் மாநிலத்தில் தகரச் சாமான் விற்றுவந்த எட்வர்ட் சாண்ட்ஸ் ஃப்ராஸ்ட் என்பவர் 1860களில் தகரத்தையே வெட்டி அச்சாக்கிச் சாக்கின் மேல் படம் பதித்து விற்றார். கனடாவின் லாப்ரடாரில் மருத்துவப் பணிக்குப் போன வில்ஃப்ரெட் கிரென்ஃபெல்லின் அமைப்பு, மீன்பிடிக் குடும்பத்துப் பெண்களுக்கு இதை வருமான வழியாக்கியது. கிழிந்த பட்டுக் காலுறைகளை ஊர் ஊராகச் சேகரித்து அனுப்பி, அவற்றிலேயே பனிக்கரடியும் படகும் செய்யவைத்தார்கள்.

தோட்டத்தில் வளர்ந்தவருக்கு இன்னும் நெருக்கமான கதை வடகிழக்கு இங்கிலாந்தில் இருக்கிறது. டர்ஹாம், நார்தம்பர்லாந்து பகுதிகளின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் கம்பெனி கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் இருந்தார்கள். குளிர்காலத்தில் குடும்பமே மரச்சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து, சுரங்கத்துக்குப் போட்டுப் போய் நைந்த உடுப்பைக் கீறிச் சாக்கில் குத்தி விரிப்பு செய்தது. புது விரிப்பு அடுப்பு முன்னால் போகும், பழையது பின்கட்டுக்கு. வரிசை வீடு, கம்பெனிச் சம்பளம், பழந்துணி, சாக்கு. லயத்தில் இருந்தவருக்கு இதில் விளங்காதது குளிர் ஒன்றுதான்.

சாக்கைக் கையில் கொடுக்கும்போது ஒரு விஷயம் நினைவிருக்கட்டும். 1942 முதல் 1945 வரை, ஜப்பான்காரன் காலத்தில், துணி கிடைக்காமல் மலாயாவில் மக்கள் சாக்கை வெட்டி உடுத்தியிருக்கிறார்கள். சயாம் ரயில் பாதைக்குத் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்துக்கொண்டு போன காலமும் அதுதான். அந்தக் காலத்தை அறிந்த குடும்பங்களில் சாக்கு வெறும் மூலப்பொருள் அல்ல. வயதானவர் ஒருவர் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போனால் வற்புறுத்த வேண்டாம். பேசத் தொடங்கினால் வேலையை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

சாக்கு, துணி, கொக்கி

அரிசிச் சாக்கு இப்போது பிளாஸ்டிக் நெசவு, அது உதவாது. காப்பிக்கொட்டை பல இடங்களில் இன்னும் சணல் சாக்கில் வருகிறது, வறுக்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் நகரத்துத் துணிக்கடைகளில் சணல் துணி மீட்டர் கணக்கில் கிடைக்கும். அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு இழை ஓடும் நெசவாகப் பார்த்து வாங்குங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டைகள் ஒரே அளவாகத் தெரிய வேண்டும். எண்ணெய் வாடை அடித்தால் ஒரு நாள் வெயிலில் போடுங்கள்.

கீற்றுக்கு முதல் தரம் பழைய டீ-சட்டை. குறுக்கே அரை அங்குல அகலத்தில் வெட்டி லேசாக இழுத்தால் தானே சுருண்டு உருண்டையாகும், பிசிறும் உதிராது. பருத்திக் கைலியும் பாத்தேக் துணியும் அடுத்த தரம். இரண்டும் சாயம் நன்றாகப் பிடித்தவை. பருத்திச் சேலையை ஓர் அங்குல அகலத்தில் கிழித்து இரண்டாக மடித்துப் பயன்படுத்தலாம். நைலக்ஸ் சேலையின் நிறம் கண்ணைப் பறிக்கும், ஆனால் வழுக்கும். முதல்முறை உட்காருபவரிடம் அதைக் கொடுத்தால் வளையம் நிற்காமல் சலித்துவிடுவார். எவ்வளவு துணி வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். நிரப்ப வேண்டிய பரப்பைப்போல நாலைந்து மடங்கு துணி எடுத்து வையுங்கள், கடைசி மூலைக்கு நிறம் தேடி அலைய வேண்டியிருக்காது.

கொக்கி விஷயத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு. ரவிக்கையில் ஆரி வேலை செய்யத் தெரிந்த பெண்கள் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நூல் துணிக்குக் கீழே, கொக்கி ஊசி மேலே; குத்தி, நூலைப் பிடித்து, இழுக்க வேண்டும். கால்மிதிக்கும் இதே அசைவுதான், ஊசி மட்டும் தடிமன். ஐந்து மில்லிமீட்டர் குரோஷே ஊசிக்கு மரக் கைப்பிடி போட்டால் போதும். அந்தக் காலத்தில் ஆணி முனையை ராவிக் கொக்கியாக்கியே செய்தார்கள். ஆரி பழகியவரை முதல் ஆசிரியராக உட்காரவையுங்கள், ஆனால் ஒன்றை முன்னமே சொல்லிவிடுங்கள்: இங்கே சங்கிலி போடக்கூடாது. முந்தைய வளையத்துக்குள் அடுத்ததை நுழைக்காமல், ஒவ்வொரு வளையமும் தனித்தனியாக நிற்க வேண்டும். பழகிய கை இதில்தான் தடுமாறும்.

சட்டத்துக்கு நாலு மரக்கட்டை, நாலு திருகாணி. சாக்கை இழுத்துக் குண்டூசி அடிக்கும்போது மேளத் தோல் போல விறைப்பாக நிற்க வேண்டும். தொய்வாக இருந்தால் கொக்கி மாட்டிக்கொள்ளும், வேலை செய்பவரோ தன் கை சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். சுற்றிலும் நாலு அங்குலம் வெற்றிடம் விட்டுப் படம் வரையுங்கள்.

உட்கார்ந்து இழுப்பது

இடது கையில் கீற்று, சட்டத்துக்குக் கீழே. வலது கையில் கொக்கி, மேலே. ஓட்டையில் குத்தி, கீழே கீற்றைப் பிடித்து, முதலில் அதன் நுனியையே மேலே கொண்டுவாருங்கள். அடுத்த ஓட்டையிலிருந்து வளையம். கீற்று எவ்வளவு அகலமோ ஏறத்தாழ அவ்வளவு உயரம் போதும். இழுக்கும்போது கொக்கியை முந்தைய வளையத்தின் பக்கம் சற்றுச் சாய்த்தால் அது உருவிக்கொண்டு போகாது. கீற்று முடிந்தால் நுனியை மேலே இழுத்து வளைய உயரத்துக்கு வெட்டுங்கள். அடிப்பக்கத்தில் முடிச்சு வேண்டாம், ஒரு கீற்றின் மேல் இன்னொன்று குறுக்கே ஓடவும் வேண்டாம்.

எல்லா ஓட்டையையும் நிரப்ப வேண்டும் என்று தோன்றும். அடக்கிக்கொள்ளுங்கள். இரண்டு வளையம் போட்டு ஓர் ஓட்டை விடுவது நல்ல கணக்கு. அடைத்தால் விரிப்பு தரையில் படியாமல் ஓரம் தூக்கிக்கொள்ளும், ஈரத்துணி வைத்து இஸ்திரி போட்டாலும் அடங்காது. வளையங்கள் ஒன்றையொன்று நெருக்கி நிற்பதுதான் பிடிப்பு.

பால்மர ஊரில் கட்டாயம் வரும் யோசனை ஒன்று இருக்கிறது: அடியில் ரப்பர் பால் பூசிவிட்டால் என்ன? கோலாலம்பூர் வணிக மையங்களில் துப்பாக்கி வடிவ இயந்திரத்தால் நூலைச் சுடும் விரிப்புக்கு அது தேவைதான். பசை இல்லாவிட்டால் அந்த நூல் உருவிக்கொண்டு வந்துவிடும். கொக்கி விரிப்புக்குத் தேவையில்லை, கெடுதலும்கூட. காற்றும் வெக்கையும் பட்டுச் சில வருடங்களில் ரப்பர் பிசுபிசுக்கும், பிறகு பொடியாக உதிரும், சாக்கையும் இறுக்கி முறியவைக்கும். கிழிந்த வளையத்தை மாற்றவும் விடாது. வழுக்காமல் இருக்க அடியில் தனியாக ஒரு வலைவிரிப்புப் போட்டால் போதும்.

எதை வரையலாம், எதைக் கூடாது

புள்ளிக் கோலம் இதற்கென்றே பிறந்தது. சாக்கின் ஓட்டைகளே புள்ளிகள்; எண்ணி வைத்துக் கோடு ஓட்டினால் வரையத் தெரியாதவருக்கும் ஒழுங்காக வரும். நேர்ப்புள்ளிக் கட்டக் கோலம் எளிது, சிக்குக் கோலத்தின் வளைவுகளை இரண்டாவது முயற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். மூன்று இலை சேர்ந்த ரப்பர்த் தழை, மேலே வரியோடிய ரப்பர் விதை, செம்பனைக் குலை, லயத்து வாசல் என்று தோட்டத்திலேயே படங்கள் குவிந்து கிடக்கின்றன.

காலில் மிதிபடும் பொருள் என்பதை மறக்க வேண்டாம். சாமி படம், ஓம், வேல், எந்த மதத்து எழுத்தும், நாட்டுக் கொடியும் மாநிலக் கொடியும் இதில் வரக்கூடாது. யாராவது ஆர்வத்தில் முருகனை வரைய வந்தால் சுவரில் மாட்டும் சட்டத்துக்கு மாற்றிவிடுங்கள். இன்னொன்று நுட்பமானது. இறந்துபோன அம்மாவின் சேலையைக் கொண்டுவந்து, "இதுல ஏதாச்சும் செஞ்சு குடுங்கக்கா" என்று கேட்பவர்கள் வருவார்கள். அதைக் கால்மிதியாக்க மனம் வராது, கேட்பதற்கும் தயங்குவார்கள். நீங்களே முந்திக்கொண்டு நாற்காலி விரிப்பு, சுவர்த்தொங்கல் என்று சொல்லிவிடுங்கள்.

பந்தல் போடுகிறவருக்கு

இடம்தான் பாதி வேலை. தீக்குழியின் காற்றுவாக்கில் வேண்டாம். சணலும் பழந்துணியும் ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளும். ஒலிபெருக்கியின் நேரெதிரும் வேண்டாம். பூக்கட்டுகிறவர்களுக்கும் தோரணக்காரருக்கும் பக்கத்தில் போட்டால் கூட்டம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழியும். தரையில் பாய் மட்டும் விரித்தால் முழங்கால் வலிக்காரர்கள் உட்காரமாட்டார்கள். நாலு தாழ்ந்த பெஞ்சு வேண்டும். மாலைக்கு ஒரு விளக்கும் கொசுவர்த்தியும் வேண்டும். கத்தரிக்கோலைக் கயிற்றில் கட்டி மேசையோடு மாட்டிவையுங்கள். தமிழ்ப்பள்ளிக் கேளிக்கைச் சந்தையில் போட்டாலும் இதே ஏற்பாடுதான். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் மழை சொல்லாமல் வரும். சாக்கு நனைந்தால் பூஞ்சை பிடிக்கும், தார்ப்பாய் கையோடு இருக்கட்டும்.

செய்த விரிப்பை விற்கலாமா? என் கருத்து, வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025 பிப்ரவரி முதல் மலேசியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். மணிக்கு எட்டு ரிங்கிட் சொச்சம். ஓரடிச் சதுர விரிப்புக்குப் பழகிய கைக்கே பத்து மணி நேரம் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், கூலி மட்டும் எண்பது ரிங்கிட்டைத் தாண்டும். பேரங்காடியில் ஆலை விரிப்பு சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது. எண்பதுக்கு வாங்க ஆளில்லை, பதினைந்துக்கு விற்றால் அக்கா ஒருவரின் உழைப்புக்கு அதுதான் விலை என்று ஊருக்குச் சொன்னதாகிவிடும். அதனால் உட்காரும் இடத்தைக் கொடுங்கள். உள்ளங்கை அகலச் சாக்குத்துண்டு, கீற்று ஒரு கட்டு, சிறு வளையச் சட்டம், ஊசி ஒன்று சேர்ந்த பொட்டலத்தை அடக்க விலைக்குக் கொடுக்கலாம். அரை மணியில் ஒரு கோப்பை விரிப்பு முடிந்துவிடும், பிள்ளை அதை வீட்டுக்கு எடுத்துப் போகும்.

இதைவிட நல்லது ஒரு பொதுச் சட்டம். ஆறடிக்கு மூன்றடி, நடுவில் ஒரே ஒரு பெரிய கோலம், கோட்டை மட்டும் தெரிந்தவர்கள் முதல் நாளே போட்டுவிட வேண்டும். மூன்று நாள் திருவிழாவில் வருகிறவர், போகிறவர் எல்லோரும் உள்ளே நிரப்பட்டும். வீட்டிலிருந்து ஒரு பழந்துணி கொண்டுவரச் சொல்லி முன்கூட்டியே புலனக்குழுவில் அறிவித்துவிடுங்கள். பெரட்டுக் களத்துக்குப் போட்டுப்போன காற்சட்டையும் வரும், கல்யாணச் சேலையும் வரும். ஒருவர் உயரமாக இழுப்பார், ஒருவர் தாழ்வாக. பிரித்துத் திரும்பப் போடாதீர்கள். குழந்தை விட்ட இடைவெளியை மட்டும் இரவில் அடைத்தால் போதும். ஆண்கள் ஒதுங்கி நிற்பார்கள். மீன்வலை பழுதுபார்த்த போர்ட்டிக்சன் பக்கத்துக் கையோ கயிறு திரித்த கையோ கூட்டத்தில் நிச்சயம் இருக்கும். "அண்ணே, இந்த முனையை இழுத்துக் கட்டுங்க" என்று சட்டத்தை விறைப்பாக்கும் வேலையில் தொடங்கினால் கொக்கிக்கு வந்துசேர்வார்கள்.

பார்வையாளராக வருகிறவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: விரிப்பைத் திருப்பிப் பார்க்கக் கேளுங்கள். முன்பக்கம் நிறம் ஏமாற்றும். பின்பக்கத்தில் வரிசை சீராக, குறுக்கோட்டம் இல்லாமல், சாக்கு அங்கங்கே தெரிந்தால் அது நல்ல கை. பவானி ஜமுக்காளம் வாங்கும் நம் பெரியவர்கள் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்த்துத்தான் விலை பேசினார்கள்.

திருவிழா முடிந்த மறுநாள் காலை, பந்தல்காரர் லாரி வரும் முன் பொதுச் சட்டத்தைக் கழற்றுங்கள். ஓரத்துச் சாக்கை இரண்டு மடிப்பாக மடித்துப் பருத்தி நாடா வைத்துத் தைக்க வேண்டும். அதை ஆரி அக்காவே வீட்டுக்கு எடுத்துப் போய்ச் செய்வது உத்தமம். விரிப்பை மடித்து வைக்கக்கூடாது. வளையம் வெளிப்பக்கம் வரும்படி சுருட்டி, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, தரையில் படாமல் வையுங்கள்; பிளாஸ்டிக் பை வேர்த்துப் பூஞ்சை பிடிக்கவைக்கும். துவைக்கும் இயந்திரம் பக்கமே போக வேண்டாம், உதறி ஈரத்துணியால் துடைத்தால் போதும். எஞ்சிய கீற்றுகளை நிறவாரியாகப் பிரித்துப் பள்ளிக் கைவேலை ஆசிரியரிடம் கொடுத்துவிடலாம். சட்டத்துக் கட்டைகளின் திருகாணியைப் பையில் போட்டுக் கட்டையோடு சேர்த்தே கட்டி, கோயில் கிடங்கில் தேர்க்கயிறு வைக்கும் அலமாரியில் வையுங்கள். தனியாக வைத்த திருகாணி அடுத்த ஆடிக்குக் கிடைக்காது.